மனம் கனக்கும்போது எந்தப் பொருளைக் கையில் எடுப்பது? கலைவழி ஆறுதலுக்கு ஒரு செய்முறை

மனம் நொந்து கிடக்கும்போது எதையாவது வரைந்தால் பாரம் குறையும் என்று பலரும் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் ‘வரைந்து பாருங்கள்’ என்பதோடு அந்த அறிவுரை நின்றுவிடுகிறது. அதைக் கேட்டு உட்காருகிறவர்களில் சிலர் அரை மணி நேரம் கழித்து முன்பைவிடக் கலங்கிப்போய் எழுந்திருக்கிறார்கள். நமக்கெல்லாம் இது ஒத்துவராது என்று முடிவுகட்டியும் விடுகிறார்கள். பிசகு பெரும்பாலும் இரண்டு இடங்களில் இருக்கும். அந்த நேரத்து மனநிலைக்கு ஒவ்வாத பொருளைக் கையில் எடுத்திருப்பார்கள். இல்லையென்றால், கிளறிவிட்ட உணர்ச்சியை முடித்துவைக்காமல் பாதியில் எழுந்திருப்பார்கள். எதை வரைகிறோம் என்பதைவிட, எதைக்கொண்டு வரைகிறோம், எப்படி முடிக்கிறோம் என்பவைதான் பலனைத் தீர்மானிக்கின்றன.

வரையத் தெரியுமா என்ற கவலையை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். அமெரிக்காவின் டிரெக்ஸல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமலும் சக ஆய்வாளர்களும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், 39 பேர் மார்க்கர், களிமண், ஒட்டுப்படத் துண்டுகள் ஆகியவற்றை வைத்துக்கொண்டு 45 நிமிடம் விருப்பம்போல் எதையாவது செய்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் அவர்களுடைய உமிழ்நீரில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் அளக்கப்பட்டது. ஏறக்குறைய 75 சதவீதம் பேருக்கு அது குறைந்திருந்தது. கலைப் பழக்கம் உள்ளவர், இல்லாதவர் என்ற வேறுபாடு அதில் தெரியவில்லை. சிறிய ஆய்வுதான், ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழுவும் அதில் கிடையாது. ஆனாலும் வரையத் தெரியாதவருக்குக் கதவு மூடியிருக்கவில்லை என்பதைக் காட்ட அது போதும்.

கொட்டித் தீர்ப்பது மட்டும் போதுமா?

மனத்தில் இருப்பதை அப்படியே காகிதத்தில் கொட்டிவிட்டால் வலி வடிந்துவிடும் என்ற நம்பிக்கை ஆழமாக வேரூன்றியது. அது பாதி உண்மை. ஜெனிஃபர் டிரேக், எலன் வின்னர் என்ற இரு உளவியலாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வில், சோகமான படக்காட்சியைப் பார்த்தவர்களில் ஒரு பகுதியினரை அந்தச் சோகத்தையே வரையச் சொன்னார்கள். மற்றவர்களை அதற்குத் தொடர்பில்லாத வேறொன்றை வரையச் சொன்னார்கள். வேறொன்றை வரைந்தவர்களின் மனநிலைதான் அதிகம் தேறியது. கோபத்திலும் இதே கதைதான். 2002இல் பிராட் புஷ்மன் 600 மாணவர்களை வைத்து நடத்திய சோதனையில், தன்னைச் சீண்டியவரை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தியவர்கள் முடிவில் மற்றவர்களைவிட அதிகக் கோபத்தோடு இருந்தார்கள்.

இதனால் வலியை வரையவே கூடாது என்று ஆகிவிடாது. நீண்ட நாள் சுமந்த துக்கத்தை என்றாவது எதிர்கொண்டாக வேண்டும். ஆனால் ஒவ்வொரு முறையும் அதையே கிளற வேண்டியதில்லை. வாரத்தில் மூன்று முறை உட்கார்ந்தால் இரண்டு முறை கையையும் கண்ணையும் நிதானப்படுத்தும் வேலையைச் செய்யுங்கள். ஒரு முறை மட்டும் வலிக்கிற இடத்தைத் தொடுங்கள். நாங்கள் பரிந்துரைக்கும் அளவு இதுதான்.

ஃபிரீடல் டிக்கர்-பிராண்டைஸ் என்ற ஓவியர் இரண்டாம் உலகப் போரின்போது நாஜிகளின் டெரெசின் வதைமுகாமில் தானும் அடைபட்டபடி, அங்கிருந்த குழந்தைகளுக்கு ஓவிய வகுப்பு நடத்தினார். பயத்தை வரை, பசியை வரை என்று அவர் விரட்டவில்லை. தாளத்துக்குக் கோடு போடுவது, கண்ணெதிரே இருக்கும் பொருளைப் பார்த்து வரைவது, கிழிந்த அலுவலகத் தாள்களை ஒட்டிப் படம் செய்வது என்று வகுப்பை நடத்தினார். 1944இல் அவர் அவுஷ்விட்ஸ் வதைமுகாமில் கொல்லப்பட்டார். அந்தக் குழந்தைகளின் ஏறக்குறைய 4,500 ஓவியங்கள் இரண்டு பெட்டிகளில் காக்கப்பட்டு இன்றும் பிராகில் இருக்கின்றன. அவரிடம் முன்பு பயின்ற ஈடித் கிரேமர் பிற்காலத்தில் அமெரிக்காவில் கலை சிகிச்சையின் முன்னோடிகளில் ஒருவரானார். மனம் உடைந்த பிள்ளைகளுக்கு முதலில் தேவைப்பட்டது ஓர் ஒழுங்கு என்பது டிக்கர்-பிராண்டைஸுக்குத் தெரிந்திருந்தது.

எப்போது இது மட்டும் போதாது

தற்கொலை எண்ணம், தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் தூண்டுதல், இல்லாத குரல் கேட்பது, பல நாள் உறக்கமின்மை, குடிப்பழக்கம் கைமீறிப்போவது ஆகியவற்றில் எது இருந்தாலும் முதலில் மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பாருங்கள். தற்கொலை எண்ணம் என்றால் அன்றைக்கே. நம்பிக்கையான ஒருவரிடம் உடனே சொல்லிவிட்டு உதவி தேடுங்கள். வரைவதை அதோடு சேர்த்துச் செய்யலாம், அதற்குப் பதிலாகச் செய்யக் கூடாது. விபத்து, வன்முறை, பாலியல் கொடுமை போன்றவற்றைக் கடந்தவர்கள் அந்த நிகழ்வையே தனியாக உட்கார்ந்து வரைய வேண்டாம். பயிற்சி பெற்ற கலை சிகிச்சையாளர் பக்கத்தில் இருக்கும்போது செய்ய வேண்டிய வேலை அது. கீழே சொல்லும் நிதானப்படுத்தும் பயிற்சிகளை அவர்களும் தாராளமாகச் செய்யலாம்.

பொருளின் குணம்

1978இல் சாண்ட்ரா கேகின், விஜா லூஸ்பிரிங்க் என்ற இரு கலை சிகிச்சையாளர்கள் ஒன்றை வகுத்துச் சொன்னார்கள்: கலைப்பொருள்கள் ஒவ்வொன்றும் உணர்ச்சியை ஒவ்வொரு வேகத்தில் நகர்த்துகின்றன. கைக்கு எதிர்ப்புக் காட்டும் கெட்டியான பொருள்கள் ஒரு முனை. கைக்கு முன்னால் ஓடிவிடும் நீர்த்த பொருள்கள் மறுமுனை. கெட்டியானது யோசனையையும் கட்டுப்பாட்டையும் எழுப்பும். நீர்த்தது உணர்ச்சியை அவிழ்த்துவிடும். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது.

அந்த வரிசையில் பென்சிலும் நுனி மெல்லிய பேனாவும் முதலில் வரும். ஒரு மில்லிமீட்டர் கோட்டை நீங்கள் நினைத்த இடத்தில் நிறுத்தலாம். அடுத்து கலர் பென்சில், மார்க்கர், பிறகு வெட்டி ஒட்டும் ஒட்டுப்படம். நடுவில் ஆயில் பேஸ்டலும் மெழுகு கிரேயானும். அழுத்தினால் அழுந்தும், தேய்த்தால் குழையும். அதற்கப்பால் நீர்வண்ணம். கடைசியில், தூரிகைகூட இல்லாமல் விரலாலேயே பூசும் வண்ணம். களிமண் இந்த வரிசையில் ஓரிடத்தில் நிற்காது. கெட்டியாக இருக்கும்போது முழு உடல் பலத்தையும் கேட்கும். தண்ணீர் சேரச் சேர, சேறாகி விரல்வண்ணத்தின் பக்கம் போய்விடும்.

மனம் படபடவென்று அடித்துக்கொண்டிருக்கும்போது நீர்வண்ணத்தை எடுப்பது நாம் அடிக்கடி காணும் தவறு. ஏற்கெனவே கட்டுக்கடங்காமல் ஓடுகிற மனத்துக்குக் கட்டுக்கடங்காத பொருளைக் கொடுத்தால் பதற்றம் கூடத்தான் செய்யும். அப்போது பென்சில், மார்க்கர். இதற்கு நேர்மாறாக, எதுவுமே உறைக்காமல் மரத்துப்போய் இருக்கிறவர் பென்சிலை எடுத்தால் இன்னும் இறுகிப்போவார். அவருக்கு ஈரமும் நிறமும் வேண்டும். கோபத்துக்குத் திருப்பித் தள்ளும் பொருள் வேண்டும்: கெட்டிக் களிமண், தடித்த அட்டையில் ஆயில் பேஸ்டல். துக்கத்துக்கு ஒட்டுப்படம் பொருந்தும், ஏனென்றால் அங்கே எதையும் புதிதாக உருவாக்கும் பலம் வேண்டியதில்லை. இருப்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

என்ன வாங்குவது

விலை உயர்ந்த பொருள் வாங்காதீர்கள். வீணாகிவிடுமோ என்ற பயத்தில் கை தயங்கும். அதற்காக மிக மட்டமானதும் வேண்டாம். நிறம் ஏறாத பேஸ்டலை நாலு முறை தேய்க்கும்போது வருகிற எரிச்சல் உங்கள் துக்கத்தோடு சேர்ந்துகொள்ளும். நடுத்தரமான மாணவர் தரம் போதும்.

காகிதத்தில் மட்டும் கஞ்சம் பார்க்காதீர்கள். பென்சிலுக்கும் மார்க்கருக்கும் 120 ஜி.எஸ்.எம். (தாளின் கனத்தைக் குறிக்கும் அளவு) தாள் போதும். ஆயில் பேஸ்டலுக்கு 160க்கு மேல், கொஞ்சம் சொரசொரப்பாக. நீர்வண்ணத்துக்கு 300 ஜி.எஸ்.எம்.; அதற்குக் குறைந்தால் ஈரம் பட்டதும் தாள் நெளிந்து குழிகளில் வண்ணம் தேங்கும். அளவைப் பொறுத்தவரை ஏ4 ஒரு கட்டு, ஏ3 பத்துத் தாள். கலங்கியிருக்கும் நாளில் பெரிய வெள்ளைத் தாள் மிரட்டும், அன்றைக்கு ஏ4ஐப் பாதியாக மடித்துக்கொள்ளலாம்.

ஆயில் பேஸ்டல் 24 நிறம், நீர்வண்ணக் கட்டி 12 நிறம், 12ஆம் எண் வட்டத் தூரிகை ஒன்று, ஒரு அங்குலத் தட்டைத் தூரிகை ஒன்று, 2பி பென்சில், கலர் பென்சில், கருப்பு மார்க்கர், மாஸ்கிங் டேப் (எளிதில் உரிக்கக்கூடிய காகித ஒட்டுநாடா), பசைக் குச்சி, கத்தரிக்கோல். களிமண் ஒரு கிலோ போதும்; அது கிடைக்காத இடத்தில் எண்ணெய்க் களிமண் எனப்படும் பிளாஸ்டிசின் அரைக் கிலோ. அது காயாது, செய்ததை உருட்டிவிட்டுத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம்.

ஓர் அமர்வு எப்படி நடக்க வேண்டும்

மொத்தம் 45 முதல் 50 நிமிடம். அதற்குமேல் நீட்டினால் களைப்பு வந்து, களைப்பு சோகமாக மாறும். உறங்கப்போகும் நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பாவது முடிந்துவிட வேண்டும். கைபேசி வேறு அறையில் இருக்கட்டும். நேரம் பார்க்கத் தனிக் கடிகாரம் அல்லது அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

தாளின் பின்பக்கத்தில் தேதியையும், இப்போது மனம் எவ்வளவு கனக்கிறது என்பதை 0 முதல் 10 வரை ஒரு எண்ணாகவும் எழுதுங்கள். ஒரே ஒரு சொல்லும் சேருங்கள்: பயம், ஆத்திரம், வெறுமை, எதுவாக இருந்தாலும். உணர்ச்சிக்குப் பெயர் வைப்பதே அதன் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கிறது. 2007இல் மேத்யூ லீபர்மன் குழுவினர் மூளை ஸ்கேனில் பார்த்தபோது, பார்த்த முகத்தின் உணர்ச்சிக்குப் பெயர் சொன்னவர்களுக்கு, மூளையில் அபாய மணி அடிக்கும் அமிக்டலா பகுதியின் செயல்பாடு தணிந்திருந்தது.

பிறகு வேறொரு உதிரித் தாளில் இரண்டு நிமிடம் மூச்சுக் கோடு. மூச்சை இழுக்கும்போது கோடு மேலே ஏறட்டும், விடும்போது கீழே இறங்கட்டும். இறங்கும் கோட்டை ஏறும் கோட்டைவிட நீளமாக விடுங்கள். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணியும். இந்தத் தாளைப் பத்திரப்படுத்த வேண்டாம்.

அடுத்த 25 முதல் 30 நிமிடம் உண்மையான வேலை. அன்றைய மனநிலைக்கு ஏற்ற பயிற்சியைக் கீழே சொல்கிறோம். அலாரம் அடித்ததும், முடிந்ததோ இல்லையோ, கையை எடுத்துவிடுங்கள்.

அதன்பிறகு வருவதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள்: முடித்துவைப்பது. படத்தைச் சுற்றி மார்க்கரால் ஒரு எல்லைக்கோடு போடுங்கள். முன்பே மாஸ்கிங் டேப் ஒட்டியிருந்தால் அதை உரித்தெடுங்கள். வெள்ளை விளிம்பு தானாகவே எல்லையாகிவிடும். படத்தைச் சுவரில் சாய்த்துவைத்து இரண்டு மீட்டர் தள்ளி நின்று ஒரு நிமிடம் பாருங்கள். நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள். எந்த இடத்தில் அதிகம் அழுத்தியிருக்கிறேன், எங்கே காலியாக விட்டிருக்கிறேன், கண் முதலில் எங்கே போகிறது என்று மட்டும் கேளுங்கள். ஒரு தலைப்பு வையுங்கள். பின்பக்கத்தில் மூன்று வாக்கியம் எழுதுங்கள். முதல் வாக்கியம் படத்தில் என்ன தெரிகிறது என்று. இரண்டாவது அது எதை நினைவூட்டுகிறது என்று. மூன்றாவது இந்தப் படம் உங்களிடம் பேசினால் என்ன சொல்லும் என்று. மீண்டும் 0 முதல் 10 வரை எண். பிறகு எழுந்து தூரிகையைக் கழுவி, மேசையைத் துடைத்து, கையைத் தண்ணீரில் நனைத்துக் கழுவுங்கள். இந்தச் சுத்தப்படுத்தலும் சிகிச்சையின் பகுதிதான். கலைந்ததை அடுக்கி முடிக்கும் கை, உள்ளேயும் எதையோ அடுக்குகிறது.

படபடப்புக்கு: எல்லைக்குள் நிரப்புதல்

ஒரு தட்டைக் கவிழ்த்து ஏ3 தாளில் 20 முதல் 24 செ.மீ. விட்டமுள்ள வட்டம் போடுங்கள். மையத்திலிருந்து எட்டுக் கோடுகள், அவற்றுக்கு இடையே வளைவுகள், முக்கோணங்கள். ஒரே வடிவத்தை எட்டுப் பாகத்திலும் திரும்பப் போட்டுவிட்டு, கலர் பென்சிலால் நிரப்புங்கள். மூன்று நிறத்துக்கு மேல் வேண்டாம். நிறம் தேடுவதே ஒரு கவலையாகிவிடும்.

2005இல் நான்சி கரியும் டிம் கேஸரும் 84 மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். மண்டலா எனப்படும் வட்டக் கோல வடிவத்துக்கும் கட்டம்போட்ட வடிவத்துக்கும் 20 நிமிடம் நிறம் தீட்டியவர்களின் பதற்றம், வெறும் வெள்ளைத் தாளில் தீட்டியவர்களைவிட அதிகமாகக் குறைந்தது. இரண்டு வடிவங்களுக்குள் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே வட்டத்துக்கு மந்திர சக்தி எதுவும் தேட வேண்டாம். மிதமான சிக்கலும் தெளிவான எல்லையும்தான் வேலைசெய்கின்றன. வடிவம் ரொம்பச் சுலபமாக இருந்தால் மனம் பழைய கவலைக்கே ஓடிப்போகும். ரொம்ப நுணுக்கமாக இருந்தால் தோல்வி பயம் வரும். நிரப்ப வேண்டிய ஒவ்வொரு கட்டமும் ஏறத்தாழ கட்டைவிரல் நகத்தின் அளவு இருப்பது சரியாக வரும்.

கோபத்துக்கு: களிமண்

தரையில் ஒரு பலகை, அதன்மேல் ஈரத்துணி. ஒரு கிலோ களிமண்ணை உருண்டையாக்கி, நின்றபடி தோள் உயரத்திலிருந்து பலகையில் அறையுங்கள். எடுத்து மடித்து, மீண்டும் அறையுங்கள். ஐந்து நிமிடம், அவ்வளவுதான். அறையும்போது அந்த நபரின் முகத்தை நினைக்காமல் மண்ணின் எடையையும் சத்தத்தையும் கவனியுங்கள். குத்துப்பைச் சோதனையில் கண்டது இங்கேயும் நடக்கும்: முகத்தை நினைத்து அறைந்தால் கோபம் வளரும்.

ஆறாவது நிமிடத்திலிருந்து வேலை மாறுகிறது. அதே மண்ணை உள்ளங்கை அளவுக்குக் கிள்ளியெடுத்து, நடுவில் கட்டைவிரலை அழுத்தி, சுற்றிச் சுற்றிக் கிள்ளி ஒரு சின்னக் கிண்ணம் செய்யுங்கள். சுவர் ஒரு செ.மீ.க்குக் குறையாமல் சமமாக இருக்கட்டும். அறைவது ஆற்றலைக் கிளப்புகிறது, கிண்ணம் அந்த ஆற்றலுக்கு ஒரு வடிவம் கொடுக்கிறது. முதல் பாதியோடு நிறுத்தியவர்கள் உள்ளே கொதித்தபடிதான் எழுந்துபோவார்கள்.

தண்ணீர் மிகுந்தால் சுவர் சரியும். விரலை மட்டும் நனைத்துக்கொள்ளுங்கள், மண்ணில் ஊற்றாதீர்கள். கிண்ணத்தை வெயிலிலோ மின்விசிறிக்கு அடியிலோ வைத்தால் விளிம்பு முந்திக் காய்ந்து சுருங்கும், அடிப்பாகம் ஈரமாகவே இருக்கும், இரண்டுக்கும் நடுவே விரிசல் விடும். மேலே தளர்வாகப் பிளாஸ்டிக் தாள் போட்டு இரண்டு நாள் வைத்துவிட்டுப் பிறகு திறந்து காயவிடுங்கள். காய்ந்த களிமண் தூளை விளக்குமாறால் கூட்டாதீர்கள். அதிலுள்ள சிலிக்கா நுரையீரலுக்குக் கெடுதல், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். கை கழுவிய நீரை ஒரு வாளியில் தெளியவிட்டு மேல்நீரை மட்டும் வடித்துவிடுங்கள். அடியில் தங்கும் மண் குழாயில் இறங்கினால் அடைத்துக்கொள்ளும்.

மரத்துப்போன மனத்துக்கு: ஈரத்தின் மேல் நிறம்

300 ஜி.எஸ்.எம். தாளின் நான்கு விளிம்பையும் ஒன்றரை செ.மீ. டேப்பால் பலகையில் ஒட்டுங்கள். தட்டைத் தூரிகையால் சுத்தமான தண்ணீரைப் பூசுங்கள். தாள் பளபளக்க வேண்டும், ஆனால் குளம்போல் தேங்கக் கூடாது. தேங்கினால் பலகையைச் சாய்த்து ஓரத்தைத் துணியால் ஒற்றியெடுங்கள். வட்டத் தூரிகையில் அடர்ந்த நிறம் ஒன்றை எடுத்து ஒரே ஓர் இடத்தில் தொடுங்கள். அது விரிவதை நிற்கும்வரை பாருங்கள். பிறகு இரண்டாவது நிறம், சற்றுத் தள்ளி.

நிறத் தேர்வில் ஒரு விதி உண்டு. சிவப்பும் பச்சையும், நீலமும் ஆரஞ்சும், ஊதாவும் மஞ்சளும் கலந்தால் சேற்று நிறம் வரும். ஏற்கெனவே சோர்ந்திருக்கிறவர் கண்முன்னே நிறமெல்லாம் சேறாவது ஒரு சிறிய தோல்வியாக மனத்தில் பதியும். நீலமும் இளஞ்சிவப்பும், மஞ்சளும் சிவப்பும், நீலமும் பச்சையும் என்று பக்கத்து நிறங்களாக எடுங்கள். கருப்பு நிறத்தை முதல் சில வாரங்கள் பெட்டியிலேயே விட்டுவிடுங்கள். பாதி காய்ந்த இடத்தில் மறுபடி ஈரத் தூரிகை பட்டால் பூக்கோசுபோல் கறை விரியும். அதைத் திருத்தப் போனால் தாளின் மேல்தோல் உரியும். இந்தப் பயிற்சியில் திருத்தம் கிடையாது. 20 முதல் 30 நிமிடம் காயவிட்டு, டேப்பை விளிம்புக்கு வெளிப்பக்கமாகச் சாய்வாக இழுத்து உரியுங்கள். ஈரத்தில் உரித்தால் தாளும் கூடவே கிழியும்.

இந்தப் பயிற்சியின் நடுவே காரணமே தெரியாமல் அழுகை வரலாம். பயப்பட வேண்டாம், அழுங்கள். ஆனால் அழுகை நிற்காமல் மூச்சு முட்டினாலோ, பழைய நிகழ்வு கண்ணெதிரே நடப்பதுபோல் தோன்றினாலோ தூரிகையை வைத்துவிட்டுப் படத்தின் மேல் ஒரு வெள்ளைத் தாளை மூடுங்கள். இரண்டு பாதத்தையும் தரையில் அழுத்துங்கள். குளிர்ந்த நீரில் கையை நனைத்து, அறையில் தெரியும் ஐந்து பொருள்களின் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள். அன்றைக்குத் தொடர வேண்டாம். அடுத்த முறை பென்சிலுக்குத் திரும்புங்கள்.

இழப்புக்கு: ஒட்டுப்படம்

இறந்தவரின் நிழற்படமோ கடிதமோ, மூலத்தை ஒருபோதும் வெட்டாதீர்கள். துக்கத்தின் முதல் மாதங்களில் எடுக்கும் முடிவுகள் பின்னால் உறுத்தும். நகல் எடுத்துக்கொள்ளுங்கள், அதுவும் லேசர் நகலாக. இங்க்ஜெட் அச்சு பசையின் ஈரம் பட்டால் கசியும்.

பழைய இதழ்களிலிருந்து பத்து நிமிடத்தில் 15, 20 துண்டுகளை யோசிக்காமல் வெட்டுங்கள். படித்துப் பார்க்க நின்றால் வேகம் போய்விடும். அவற்றிலிருந்து ஐந்து முதல் ஏழைத் தேர்ந்தெடுத்து, நிழற்பட நகலைச் சுற்றிப் பசையில்லாமல் அடுக்குங்கள். குறைந்தது மூன்று விதமாக மாற்றி அடுக்கிய பிறகே ஒட்டுங்கள். ‘அவரிடமிருந்து என்னிடம் வந்தவை’ என்று ஒரு தலைப்பை மனத்தில் வைத்துக்கொள்வது உதவும்: ஒரு பழக்கம், ஒரு பேச்சு, கை வைக்கும் விதம். இழந்ததை மட்டும் அடுக்கும் படமும் தங்கிவிட்டதையும் சேர்த்து அடுக்கும் படமும் கண்ணுக்கே வேறாகத் தெரியும். திரவப் பசை என்றால் மெல்லியதாகப் பூசி நடுவிலிருந்து வெளியே நீவுங்கள், இல்லாவிட்டால் சுருக்கம் விழும். மேலே மெழுகுத்தாள் போட்டு, கனமான புத்தகத்தை ஓர் இரவு வைத்துவிடுங்கள்.

இந்த ஒன்று மட்டும் ஒரே அமர்வில் முடிய வேண்டியதில்லை. துண்டுகளை உறையில் போட்டு மூடிவைத்துவிட்டு அடுத்த வாரம் தொடரலாம்.

எதுவுமே வராத நாளில்

ஃப்ளோரன்ஸ் கேன் என்ற ஓவிய ஆசிரியை பழக்கிய கிறுக்கல் முறை இன்றும் கலை சிகிச்சையில் புழங்குகிறது. எழுந்து நின்று, தோளிலிருந்து முழுக் கையையும் வீசிக் காற்றில் வளைவுகள் போடுங்கள். உடல் தளர்ந்ததும் அதே வீச்சில் ஏ3 தாளில் கண்ணை மூடிக்கொண்டு 30 நொடி கிறுக்குங்கள். கிரேயான் தாளைவிட்டு எழக் கூடாது. பிறகு தாளை நான்கு பக்கமும் திருப்பிப் பாருங்கள். ஏதோ ஒரு கோணத்தில் ஒரு முதுகு, ஒரு இலை, ஒரு கதவு தெரியும். அதை மட்டும் நிறத்தால் தெளிவாக்குங்கள், மற்றக் கோடுகளை மங்கலாக விட்டுவிடுங்கள்.

படங்களை என்ன செய்வது

ஆயில் பேஸ்டல் முழுசாகக் காய்வதே இல்லை. ஒன்றின்மேல் ஒன்று அடுக்கினால் நிறம் ஒட்டும். இடையில் பட்டர் பேப்பர் வையுங்கள். எல்லாவற்றையும் ஒரு கோப்பில் தேதி வரிசையில் போட்டு, அந்தக் கோப்பு மற்றவர் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். யாரோ பார்ப்பார்கள் என்ற நினைப்பு வந்துவிட்டால் கை அழகுக்கு வேலைசெய்யத் தொடங்கும். சமூக ஊடகத்தில் போடுவதை அதனால்தான் முதல் மூன்று மாதம் தள்ளிவைக்கச் சொல்கிறோம். வேதனையில் பிறந்த ஒரு படத்துக்கு நாலு விருப்பக்குறி மட்டும் விழும்போது, வேதனையே மதிக்கப்படாததுபோல் தோன்றும். நெருங்கிய ஒருவரிடம் காட்ட விரும்பினால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: கருத்து வேண்டாம், விளக்கமும் வேண்டாம், பார்த்தால் போதும்.

கருப்பு நிறம் என்றால் மனச்சோர்வு, கண் இல்லாத முகம் என்றால் இன்னது என்ற வகையில் பொருள் சொல்லும் அட்டவணைகளை நம்பாதீர்கள். ஒரு படத்தின் பொருள் அதை வரைந்தவரிடம்தான் இருக்கிறது. அன்றைக்குக் கையில் அகப்பட்ட பேஸ்டல் கருப்பாக இருந்திருக்கலாம்.

ஒரு படத்தைக் கிழிக்கவோ எரிக்கவோ தோன்றினால் ஒரு வாரம் பொறுங்கள். அப்போதும் தோன்றினால் செய்யுங்கள்; கிழித்த துண்டுகள் அடுத்த ஒட்டுப்படத்துக்கு ஆகும்.

ஆறு வாரத்துக்கு ஒருமுறை பின்பக்கத்து எண்களை மட்டும் ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் எண் இறங்க வேண்டும் என்பதில்லை. வலிக்கிற இடத்தைத் தொட்ட அமர்வுக்குப் பிறகு ஒன்றோ இரண்டோ ஏறுவது இயல்பு, மறுநாளுக்குள் தணிந்துவிடும். மறுநாளும் ஏறியே இருந்தால், அல்லது அடுத்தடுத்து மூன்று அமர்வுகளில் எண் ஏறினால், பொருளை ஒரு படி கெட்டியானதாக மாற்றுங்கள்: நீர்வண்ணத்திலிருந்து பேஸ்டலுக்கு, பேஸ்டலிலிருந்து பென்சிலுக்கு. நேரத்தையும் 15 நிமிடமாகக் குறையுங்கள். அதன்பிறகும் இரண்டு வாரம் இறங்காவிட்டால் அந்தக் கோப்பை அப்படியே எடுத்துக்கொண்டு ஒரு மனநல ஆலோசகரிடம் போங்கள். தேதியும் எண்ணும் மூன்று வாக்கியமும் எழுதிய படங்கள், எங்கிருந்து பேசத் தொடங்குவது என்று தெரியாமல் திணறும் முதல் சந்திப்பில் உங்களுக்காகப் பாதியைச் சொல்லிவிடும்.